நாலாயிரத்து மூன்றாவது மைல்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டு மசூதிக்குப் பின்சந்தில் ஜட்கா கரீமுல்லாவாக இருந்தவர் மோட்டார் கரீமுல்லாவாக ஆனது நாற்பத்தெட்டாம் வருஷம், மாசி வெயில் ஏற ஆரம்பித்த சமயம். இரண்டு குதிரை, ஒரு ஜட்கா, மனைவி ஜமீலுன்னிசாவின் கழுத்து காது கையில் கிடந்த அத்தனையும் ஒன்றாக உருகி, ஒரு கறுப்புச் சீமைக் காராகித் திரும்பி வந்தன. காரின் அகலம் சந்தின் அகலத்தைவிட இரண்டு அங்குலம் ஜாஸ்தி. சந்துதான் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது என்று அங்கே இன்றைக்கும் சொல்வார்கள். சுவரில் தேய்ந்த அடையாளம் இருக்கிறது.

கரீமுல்லாவுக்குக் கழுத்து திரும்பாது. சுல்தான் என்ற குதிரை பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நோன்பு நாளில் உதைத்ததில் அப்படியே நின்றுபோனது. யாராவது பக்கவாட்டில் கூப்பிட்டால் கோட்டைக் கதவு மாதிரி மொத்த ஆளாகத்தான் திரும்புவார். ஜட்காவுக்கு அது ஒரு குறையில்லை. குதிரை பின்னால் போகிற ஜாதியில்லை. ஓட்டுகிறவன் பின்னால் பார்க்கிற அவசியமும் இல்லை. லைசென்ஸ் கொடுத்த சார்ஜன்ட்டும் முன்னால் மட்டும் ஓட்டிக் காட்டச் சொன்னது ஆண்டவன் கருணை.

ஜமீலுன்னிசா கோஷாப் பெண், அயலார் கண்ணில் படாதவள். வண்டியின் பின் கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் பச்சைத் திரை தைத்து மாட்டியது அவள்தான். ஜட்காவிலும் இதே பச்சைதான் தொங்கியது. இருபது வருஷமாக அவள் பார்த்த மயிலாப்பூர் திரை ஆடும்போது தெரிகிற நாலு விரல் அகலத்து மயிலாப்பூர். கோபுரத்தின் கால் தெரியும், தலை தெரியாது. குளத்தில் படி தெரியும், தண்ணீர் தெரியாது.

வண்டி விற்றது மவுண்ட் ரோடு பெல்லிங்ஹாம் கம்பெனி. மாகாணம் முழுக்க அந்த ஒரே ஏஜென்ட்டுதான். வாங்க வருகிறவனுக்கு முன்வாசல், மின்விசிறி, கலர் சோடா. ரிப்பேருக்கு வருகிறவனுக்குப் பின்வாசல், ஒரு வேப்பமரம். வேப்பமரத்தடி மேஜையில் கருணாகரன் என்ற குமாஸ்தா மூக்குக் கண்ணாடியோடு இருந்தார். காரண்டிக் காகிதத்தை அவர் ஒப்பிக்கிறதைக் கேட்டால் பள்ளிவாசலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டத் தோன்றும்.

"தொண்ணூறு நாள், இல்லாட்டி நாலாயிரம் மைல், எது முந்துதோ அது. எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஈயத்துல சீல் வெச்சிருக்கோம். வெளியாள் தொட்டா காரண்டி கேன்சல். வண்டி அதுவா ஓடி வரணும். மாடு கட்டி இழுத்துக்கினு வந்தா, அதுவும் கேன்சல்."

வாங்கிய பத்தாம் நாளே கியர் பெட்டிக்குள்ளிருந்து யாரோ பாக்கு வெட்டுகிற சத்தம் வந்தது. அதை முதலில் கேட்டது ஜமீலுன்னிசாதான். திரைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்குக் காதுதானே கண்.

வண்டி கம்பெனி வாசலில் நுழைந்ததும் இன்ஸ்பெக்டர் வந்த வகுப்புப் பிள்ளை மாதிரி கப்சிப்பென்று ஆகிவிட்டது.

"சத்தமே இல்லியே பாய்" என்றார் கருணாகரன்.

"இங்க இல்ல சார். மந்தவெளியில கீது."

"அப்ப கம்ப்ளைண்டும் மந்தவெளியிலதான் குடுக்கணும்."

இரண்டாம் தடவை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்ப எடுக்கப் போனபோது மீட்டர் எழுபது மைல் ஏறியிருந்தது. பின் சீட்டில் உட்கார்ந்த ஜமீலுன்னிசாவின் உள்ளங்கையில் கடல் மணல் ஒட்டியது. வேர்க்கடலைத் தோல் ஒரு கைப்பிடி. யாரோ குடும்பத்தோடு மாபலிபுரம் போய்வந்திருக்கிறார்கள்.

"எழுபது மைலு ஏறிக்கீது சார். யாரு ஓட்டுனாங்கோ?" என்று கரீமுல்லா கேட்டார்.

"டெஸ்ட் பண்ணோம்."

"அப்ப அந்த எழுபத நம்ம கணக்குலேர்ந்து கழிச்சிக்குங்கோ."

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "பாய், நல்லா கேட்டுக்குங்க. மீட்டர் இன்னா காட்டுதோ அதான் மைல். யார் ஓட்டுனாங்க, எதுக்கு ஓட்டுனாங்க, எப்படி ஓட்டுனாங்க, கம்பெனிக்கு அதெல்லாம் அவசியமே இல்ல. மீட்டர்தான் பேசும். நீங்களும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது."

திரைக்குப் பின்னால் ஜமீலுன்னிசா கையிலிருந்த மணலைத் தட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை கருணாகரனே கொஞ்சம் இளகிப் பேசினார். "வண்டி செய்யறவன் சீமையில இருக்கான். நாங்க விக்கிறவங்க. அவன் உத்தரவு இல்லாம பெட்டிய தொறக்க முடியாது. எழுதிக் கேக்கலாம். லெட்டர் கப்பல்ல போவும், பதில் கப்பல்ல வரும்."

"எத்தினி நாளு ஆவும் சார்?"

"மூணு மாசம்."

"காரண்டியே மூணு மாசந்தானே சார்?"

"அதான் பாருங்க" என்று கருணாகரன் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் வேறு. புது வண்டி வாங்கினால் கோவளம் தர்காவுக்குப் போய் ஃபாத்திஹா ஓதிவர வேண்டும். அது முறை. ஆனால் ஒரு வீட்டாரை அழைத்துப் போனால் அடுத்த வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். அதுவும் முறைதான். போகவர நாற்பத்தைந்து மைல். திருவல்லிக்கேணிச் சொந்தம், ராயப்பேட்டைச் சொந்தம், ஆற்காட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய சொந்தம் என்று ஆளாளுக்கு ஒரு நாள். நெய்ச்சோறும் தால்ச்சாவும் தேக்சாவோடு டிக்கியில் ஏறும்; வரும்போது வெறும் தேக்சாவும் நிறைந்த வயிறுகளும் இறங்கும். கரீமுல்லா சவாரி ஓட்டிச் சம்பாதித்த மைல் பாதி, சாப்பாடு போட்டுச் செலவழித்த மைல் பாதி.

கடைசியாக மிச்சமிருந்தது கரீமுல்லாவின் சாச்சி, அதாவது சித்தி, ஜைதூன் பீ. எண்பத்தேழாம் நாள் அவளைக் கோவளத்துக்குக் கூட்டிப் போய், ராத்தங்கி, மறுநாள் காலையில் கிளம்பினார்கள். கத்திரி வெயில். கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் பாக்கு வெட்டுகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தமாக ஆயிற்று. தரமணிப் பனங்காடு தாண்டும்போது பாறை உடைக்கிற சத்தம். அடையாறு பாலத்துக்கு நூறு கஜம் இருக்கையில் சத்தமே இல்லை. எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை.

பாலத்து முனையில் கீற்றுக்கொட்டகை போட்டு லாரி ரிப்பேர் பார்க்கிற அம்மாசி வந்து அடியில் படுத்துக் காதை வைத்துக் கேட்டான்.

"பாய், உள்ளார பல்லுச் சக்கரம் பூட்ச்சி. முன்னாடி போற கியர் மூணும் காலி. ரிவர்ஸ் ஒண்ணுதான் உசுரோட கீது."

"நீயே தொறந்து போட்டுடு அம்மாசி."

"அர நாள் வேல எனக்கு. ஆனா சக்கரத்துக்கு எங்க போவேன்? கம்பெனிய வுட்டா ஊர்ல எவன் கைலயும் கெடியாது. காசு குடுத்தாலும் கைல தரமாட்டான். அவன் கொட்டாயில, அவன் ஆளு, அவன் ஸ்பேனரு. நான் இந்த ஈயத்த தொட்டேன்னு வையி, உன்ன வாசல்லயே நிக்கவெச்சி அனுப்சிடுவான்."

கரீமுல்லா மீட்டரைப் பார்த்தார். நாலாயிரத்து மூன்று. காரண்டி தீர்ந்து மூன்று மைல் ஆகிவிட்டது. கம்பெனியில் கை நீட்டிக் காசு கொடுத்துப் பெட்டியை மாற்றுவதென்றால் இன்னும் இரண்டு குதிரை விற்க வேண்டும். விற்கக் குதிரை இல்லை. வண்டி ஓடாவிட்டால் நாளை மறுநாள் அடுப்பு எரியாது. அதற்கடுத்த வாரம் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, லஸ் முனையில் எவனோ ஒருவனுடைய ஜட்காவில் கூலிக்கு உட்கார வேண்டும். மண்ணில் குந்தி, "சுல்தானா இருந்தா தட்டிக் குடுத்தா எழுந்துக்கும்" என்றார்.

திரைக்குள்ளிருந்து ஜமீலுன்னிசா, "இன்னாங்க, மூணு மைலுதானே கூட ஓடிக்கீது. மூணு தபா போயி சொன்னமே. இன்னொரு தபா போயி கேப்போம்" என்றாள்.

"எப்டிப் போறது? மாடு கட்டக்கூடாது, தள்ளக்கூடாது. வண்டி அதுவா வரணும்."

"அதுவாத்தான் வரும். பின்னாடியே போவோம்."

அம்மாசி சிரித்தான். கரீமுல்லா சிரிக்கவில்லை. "மவுண்ட் ரோடு வரிக்கும் பின்னாடியேவா? என் கழுத்து?"

"கழுத்து எங்கிட்ட கீது. நீங்க கைய பாத்துக்குங்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் பின் கண்ணாடித் திரையைக் கம்பியோடு பிடுங்கினாள்.

ஜைதூன் பீ பதறிப்போனாள். "அடியே, ஊரு பாக்குமே!"

"நாம ஊர பாக்காட்டி இடிச்சிக்கினு ஆத்துல வுழுந்துடுவோம் சாச்சி. பாக்கட்டும்."

முகத்திரையை மூக்குவரை இறக்கிக்கொண்டு, சீட்டில் முட்டிபோட்டுப் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். அம்மாசி வண்டியைத் தள்ளித் திருப்பி, பின்பக்கம் பாலத்தைப் பார்க்க நிறுத்திக் கொடுத்தான். கரீமுல்லா ரிவர்ஸ் போட்டார். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்தது. வாங்கிய நாளிலிருந்து அவ்வளவு இதமாக அது ஓடியதில்லை.

"பீச்சாங்கை பக்கம் ஒடிங்கோ" என்றாள். அவளுடைய பீச்சாங்கை அவருக்குச் சோத்தாங்கை. வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரை முத்தமிடப் போய் ஒரு சாண் இருக்கையில் நின்றது. ஜைதூன் பீ கலிமா சொன்னாள்.

"பீச்சாங்கைன்னியே!"

"எனுக்குப் பீச்சாங்கை இது!"

கொஞ்ச நேரம் யார் கை சரியான கை என்று நடுப்பாலத்தில் சண்டை நடந்தது. பின்னால் ஒரு கட்டைவண்டிக்காரன் பொறுமையாகக் காத்திருந்தான். அப்புறம் ஜமீலுன்னிசா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஆறு விரிந்து விரிந்து போய், மணல்திட்டு தாண்டி, வானத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு நீலம் நின்றது. அதன் மேல் கட்டுமரங்கள் எள்ளுப் போல. அவள் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்டது எல்லாம் அதற்கு அரை மைலில். அது இவ்வளவு பெரிசு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

"இன்னா, பேச்சே காணோம்?" என்றார் கரீமுல்லா.

"கையெல்லாம் வாணாங்க" என்றாள் மெதுவாக. "கடலு இந்தப் பக்கம். பரங்கிமலை மவுண்டு அந்தப் பக்கம். நீங்க எப்டி உக்காந்தாலும் கடலு எடம் மாறாது. கடலுன்னா கடலு பக்கம் ஒடிங்கோ. மவுண்டுன்னா மவுண்டு பக்கம்."

அதற்கப்புறம் ஒரு சிக்கலும் இல்லை. "கடலு... கடலு... போதும். மவுண்டு கொஞ்சம். நேரா." பிராடீஸ் ரோட்டு மர நிழலில் வண்டி பின்புறமாகவே, மனுஷன் ஓடுகிற வேகத்தில் போயிற்று. எதிரில் வந்தவர்கள் ஓரம் போய் நின்றார்கள். சைக்கிளில் வந்தவர் ஒருவர் இறங்கிக் கும்பிட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஜைதூன் பீ தர்காவில் ஓதிக் கொண்டுவந்த சர்க்கரையையும் பொட்டுக்கடலையையும் பயத்தில் ஜன்னல் வழியாக வாரி வாரி நீட்டினாள். வாங்கியவர்கள் எல்லாம் ஏதோ ஊர்வலம் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். பின்னால் என்றால் எந்தப் பக்கம் என்பதில் அன்றைக்கு யாருக்கும் தெளிவில்லை.

மந்தவெளியில் ரேடியேட்டர் கொதித்தது. குழாயடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த கீரைக்காரி பேச்சியம்மாள் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இன்னா பாய், வண்டிக்குக் கோவமா? மூஞ்சத் திருப்பிக்கினு போவுது?"

"தண்ணி குடு தாயி. அடையாறுலேர்ந்து இப்டியே வருது."

"அங்கேர்ந்தா!" பேச்சியம்மாள் குடத்தைக் கவிழ்த்தாள். ஆவி புஸ்ஸென்று எழுந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். "பாத்து சொல்றது நீயாம்மா? கண்ணு ரெண்டும் வெளக்கு மாரி கீது. போ, நல்லா போ."

வண்டி கிளம்பி ஒரு பர்லாங்கு போனதும் கரீமுல்லாவின் குரல் மாறியது. கழுத்து திரும்பாதவருக்கு எதிரே பார்க்க மீட்டர் ஒன்றுதான் இருந்தது.

"ஜமீலா. நம்பரு கொறையுது."

"இன்னா நம்பரு?"

"மைலு. பாலத்துல நாலாயிரத்து மூணு. அப்பறம் ரெண்டு ஆச்சி. வெயிலுக்கு எனக்குத்தான் கண்ணு பூத்துப் போச்சின்னு நெனச்சேன். இப்ப ஒண்ணு. மெஷினு ஓடுன மைல திருப்பிக் குடுக்குது புள்ள."

 ஆற்காட்டுச் சொந்தக்காரர்கள் தின்றுவிட்டுப் போன மைல், கருணாகரன் ஆட்கள் மணலில் ஓட்டிய மைல், எல்லாம் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டித் திரும்பி வருகிற மாதிரி ஜமீலுன்னிசாவுக்கு இருந்தது.

"வாயத் தொறக்காதீங்கோ. கண்ணு பட்டுடப் போவுது. மவுண்டு... மவுண்டு... நேரா."

அப்போதுதான் கபாலி கோயில் கோபுரம் தெரிந்தது. காலிலிருந்து தலைவரை. அடுக்கு அடுக்காக ஏறி, ஏறி, அதற்கு மேலும் ஏறி, கலசத்தில் வெயில் வெள்ளையாக நின்றது. குளம் முழுக்க அதே கோபுரம் தலைகீழாக. அவள் "சுப்ஹானல்லா" என்றாள். "கடலா மவுண்டா?" என்றார் கரீமுல்லா. "நேராங்க. நேராவே போங்கோ."

லஸ் முனையில் பழைய ஜட்கா ஸ்டாண்டு. போக்குவரத்துப் போலீஸ்காரர் வண்டியின் முகத்துக்குக் கை காட்டி நிறுத்தப் பார்த்தார். வண்டியின் முதுகு அவரைக் கடந்து போயிற்று. அவர் யோசித்துவிட்டு சல்யூட் அடித்தார். ஜட்காக்காரர்கள் ஓடிவந்தார்கள். கரீமுல்லாவோடு பதினெட்டு வருஷம் ஸ்டாண்டு போட்ட வைரவன் கத்தினான்:

"நைனா! குதுர பின்னாடி போவாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீற! இப்ப இன்னா ஆச்சி?"

கரீமுல்லாவின் கண் மீட்டரில் இருந்தது. அவர் கண்ணெதிரே நாலும் மூன்று சைபரும் ஒன்றாக நடுங்கி, ஒன்றாகப் புரண்டு, மூவாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆயின. "ஜமீலா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டில் நின்ற பதினோரு குதிரைகளும் இரண்டு அடி பின்னால் போயின. அதுவரை மெட்ராஸில் எந்தக் குதிரையும் அப்படிப் போனதில்லை. வைரவன் சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெல்லிங்ஹாம் கம்பெனிக்குள் வண்டி நுழைந்தபோது மீட்டர் மூவாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. பின்வாசல் சந்தில் திரும்ப இடமில்லாததால், காரண்டி சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு ரிப்பேர் வண்டி முன்வாசல் வழியாக, பின்பக்கமாக வந்தது. முன்கூடத்து மின்விசிறியடியில் இருந்த கருணாகரன் சோடாப் பாட்டிலோடு எழுந்து நின்றார்.

கரீமுல்லாவுக்குப் பொய் வராது. இறங்கியதும் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "சார், நாலாயிரத்து மூணுல அடையாத்துல நின்னுடுச்சி. முன்னாடி கியரு இல்ல. ரிவர்ஸ்லயே வந்தோம். மீட்டரு பின்னாடி சுத்திக்கிச்சி."

"அடையாறுலேர்ந்து ரிவர்ஸ்லயா?" கருணாகரன் குனிந்து மீட்டரைப் பார்த்தார், நிமிர்ந்தார். "உங்க கழுத்த வெச்சிக்கினா? பாய், நமக்கு வேல நெறைய இருக்கு. கத சொல்லாதீங்க."

"அல்லா சத்தியமா சார்."

வாசலில் அதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. வைரவன், சைக்கிள்காரர், கையில் பொட்டுக்கடலையோடு முப்பது நாற்பது பேர். "மெய்தான் சாமி, நாங்கதான் கூட ஓடியாந்தோம்" என்றார்கள். கருணாகரன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. நிரப்பக் கையில் எடுத்த காரண்டி ஃபாரத்தை மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நாலாயிரம் தாண்டிடுச்சி. காரண்டி இல்ல."

வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று தடவையும் அவர் கேட்டிராத குரல்.

"மீட்டரு இன்னா காட்டுதோ அதான் மைலு. யாரு ஓட்டுனாங்கோ, எதுக்கு ஓட்டுனாங்கோ, எப்டி ஓட்டுனாங்கோ, கம்பெனிக்கு அவசியமே இல்ல. மீட்டருதான் பேசும். நீங்களும் பேசக்கூடாது, அவரும் பேசக்கூடாது. நீங்க சொன்னதுதான் சார். அன்னிக்கி எங்கிட்ட மணலு கூட இருந்திச்சி."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கம்பெனியின் வெள்ளைக்கார துரை வந்தார். விஷயத்தைக் கருணாகரன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவர் வண்டியைப் பார்த்தார், கரீமுல்லாவின் கழுத்தைப் பார்த்தார், திரையில்லாத பின் கண்ணாடியைப் பார்த்தார். மணல் வருகிற இடத்தில் கருணாகரன் கொஞ்சம் இருமினார். துரை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கருணாகரன் ஃபாரத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார்.

மைல் என்ற கட்டத்தில் மூவாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார். "இருவது வருஷ சர்வீஸ்மா" என்றார், பின் கண்ணாடியைப் பார்த்து, மரியாதையாக. "இப்படி ஒரு வண்டி வந்து நான் பாத்ததில்ல."

அடுத்த மாதம் அச்சான காரண்டிக் காகிதங்களில் எல்லாம், பின்னோக்கி ஓடிய மைலும் முன்னோக்கி ஓடியதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரி கூடியிருந்தது. வாங்குகிறவர்கள் யாருக்கும் அது எதற்கென்று புரிந்ததில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் வண்டி கிடைத்தது. புதுப் பல்லுச் சக்கரம், புது ஈயம். ஜமீலுன்னிசா பின்கதவைத் திறக்கவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தாள். கரீமுல்லா வண்டியைக் கிளப்பினார். பச்சைத் திரை வண்டி துடைக்கிற துணியாக அவர் காலடியில் கிடந்தது.

ராயப்பேட்டை மணிக்கூண்டு, அப்புறம் லஸ். மெதுவாக ஓட்டினார்.

"இப்ப பாரு" என்றார்.

மூன்று ஒன்பதுகளும் ஒரே வரிசையில் வந்து நின்றன. தொழுகையில் வரிசையாகக் குனிந்தவர்கள் ஒன்றாக நிமிர்கிற மாதிரி, நாலு எண்ணும் ஒரே மூச்சில் புரண்டு எழுந்தன. நாலாயிரம். ஜமீலுன்னிசா குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கி நீங்க ஒர்த்தரே பாத்தீங்க."

"நீ கடல பாத்தியே." சற்றுப் பொறுத்து, "காரண்டி முடிஞ்சிச்சி" என்றார்.

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாக்கு வெட்டுகிற சத்தம் வரவில்லை. எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது.

லஸ் முனையில் கச்சேரி ரோடு பிரிகிற இடம். இருபது வருஷமாக வீட்டுக்குத் திரும்புகிற திருப்பம். அவருக்குத் தெரியாத வழியா?

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கடலு" என்றாள்.

ஒடித்தார். மசூதி வந்தது, பின்சந்து வந்தது. ஜைதூன் பீ சந்து முனையில் நின்று கையை ஆட்டினாள். வண்டி நிற்கவில்லை. ரோட்டின் கோடியில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில், முதலில் நாலு விரல் அகலத்துக்கு அந்த நீலம் தெரிந்தது.